60 அடிச் சுவருக்கு எது பொருந்தும்? திருவொற்றியூர்த் தெரு ஒன்றின் செடி ஓவியத் திட்டம் பற்றி ஓர் ஒப்பீடு

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு தொடக்கப்பள்ளியின் சுற்றுச்சுவர் இருக்கிறது. நீளம் 60 அடி, உயரம் 6 அடி. கடற்கரைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். நம் பகுதியின் மண்ணுக்கு உரிய செடிகொடிகளை வைத்து, தெருக்காரர்கள் எல்லோரும் கைசேர்த்து அந்தச் சுவரில் ஏதேனும் செய்யலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. எதைச் செய்வது என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பெயின்டில் சுவரோவியம், சுவரை ஒட்டி உயிர்ச்செடி, சாயத்துணி, ஓலை வேலை, உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதிப்பது, சுண்ணாம்பு அடித்து அதன்மேல் காவிக் கோலம் இடுவது என்று ஆறு யோசனைகள் வந்தன. அவற்றை எடைபோட்டு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். கடலோரத்தில் இதேபோன்ற சுவரை வைத்துக்கொண்டு யோசிக்கும் மற்றத் தெருக்காரர்களுக்கும் இது உதவக்கூடும்.

இந்தச் சுவருக்கு ஒரு முன்கதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பினர் வந்து இரண்டே நாளில் இதை வண்ணமயமாக்கிவிட்டுப் போனார்கள். சூரியகாந்திப் பூக்கள், துள்ளும் டால்பின்கள், ஒரு வானவில். அடுத்த மழைக்காலம் முடிந்த கையோடு சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் நிமிண்டினால் அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பது சூரியகாந்தியின் மேல் பாதியும் ஒரு டால்பினின் வாலும்தான். கோளாறு பெயின்டின் தரத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக மேலேறும்போது உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகப்பில் ஈரம் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகித் தங்குகிறது. முகப்பைப் பிளாஸ்டிக் தாள்போல மூடும் எமல்ஷன் பெயின்ட் இருந்தால், அந்தப் படிகங்கள் அதன் பின்னால் வளர்ந்து அதை வெளியே தள்ளிவிடுகின்றன. கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு இதற்கு மேல். ஆகவே எந்த யோசனையானாலும், உப்பு உள்ளிருந்து வெளியே வர வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேருடைய கை அதில் படும் என்பது. மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: வேலை முடியும்போது, அதில் ஈடுபட்டவர்கள் அந்தச் செடியை முன்பு பார்த்ததைவிடக் கூர்ந்து பார்த்திருப்பார்களா? அது நடக்காவிட்டால் சூரியகாந்திக்குப் பதில் புன்னைப்பூவை வரைந்தோம் என்பதைத் தவிர வேறு மாற்றம் இராது.

எந்தச் செடிகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கூட்டத்தில் அதிலும் குழப்பம் இருந்தது. மாநிலப் பூவான செங்காந்தளை நடுவில் பெரிதாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அழகான பூ, சந்தேகமில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் அதைக் கொடியில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. காகிதப்பூவும் குல்மோகரும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்றாலும், முன்னது தென் அமெரிக்காவிலிருந்தும் பின்னது மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. நம் பக்கத்து மணலுக்கும் கழிமுகத்துக்கும் உரியவை என்று பட்டியலிட்டபோது ஆறு பெயர்கள் தேறின. அடும்பு, இராவணன் மீசை, புன்னை, பூவரசு, மகிழம், எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்தி மரமான வெண்கண்டல்.

அடும்பு என்று சங்கப் பாடல்கள் சொல்லும் கொடியைக் குப்பத்து மக்கள் அடப்பங்கொடி என்பார்கள். மணல்மேட்டில் படர்ந்து மணலைப் பிடித்துவைக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ காலையில் விரிந்து வெயில் ஏறியதும் வாடிவிடும். இராவணன் மீசை ஊசி ஊசியான புல்; அதன் முள்ளுருண்டைகள் காய்ந்து கழன்று காற்றில் மணல்மீது உருண்டோடி விதை பரப்பும். இந்த இரண்டையும் பார்க்க இன்று நாம் கொஞ்சம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழும்பிய பிறகு, கரையோரமாக வடக்கே நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் தெற்கே தேங்கி மெரினாவாக விரிந்தது. வடக்கே நம் கரையைக் கடல் அரித்தது. அதனால்தான் எண்ணூர் விரைவுச் சாலை நெடுகிலும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்திருக்கும் இடங்களில்தான் இவற்றைத் தேட வேண்டும்.

புன்னையும் பூவரசும் அந்த அளவுக்கு அந்நியமாகிவிடவில்லை. புன்னை இலையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், நடு நரம்பிலிருந்து மயிரிழைபோல நெருக்கமாக ஓடும் இணைகோடுகள் தெரியும். அதன் எண்ணெயைப் படகுக்குப் பூசுவதும் விளக்குக்கு ஊற்றுவதும் பழைய வழக்கம். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து மாலைக்குள் சிவந்துவிடும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. மகிழத்துக்கு இந்த ஊரில் விளக்கமே தேவையில்லை. தியாகராஜர் கோயிலில், சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில் என்பதைச் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். மகிழம்பூ மரத்திலிருந்து முழுசாக உதிரும். நடுவே இயற்கையாகவே துளை இருப்பதால் ஊசியில்லாமல் நாரிலேயே கோத்துவிடலாம். காய்ந்த பிறகும் மணம் போகாது. வெண்கண்டலின் சிறப்பு அதன் சுவாச வேர்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நூற்றுக்கணக்கில் நேராக மேலே எழுந்து நிற்கும் அவற்றை ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தமிழ்நாட்டில் பொதுச்சுவரில் எந்த இலையை, பூவை வரைந்தாலும் யாராவது ஒருவருக்கு அது கட்சிச் சின்னமாகத் தெரியும். தாமரையைத் தொடவே முடியாது; சூரியனுக்கும் அதே கதி. அடும்பின் பிளந்த இலையைத் தனியாகப் பெரிதாக வரைந்தால் 'இரட்டை இலையா?' என்று கேட்பார்கள். தேர்தல் அறிவித்ததும் வெள்ளையடிக்கவும் ஆள் வந்துவிடுவார்கள். எனவே கொடியோடு, பூவோடு, வரிசையாகத்தான் அதை வைக்க வேண்டும்.

இனி யோசனைகளுக்கு வருகிறேன். பெயின்ட் சுவரோவியத்துக்குத்தான் கூட்டத்தில் ஆதரவு மிகுதி. பழைய மகாபலிபுரம் சாலையருகே கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டு குடியிருப்புச் சுவர்களில் வரையப்பட்ட மாபெரும் ஓவியங்களை நேரில் பார்த்தவர்கள் அதே போன்ற ஒன்று இங்கும் வேண்டும் என்றார்கள். அவை அடுக்குமாடிகளின் உயர்ந்த பக்கச்சுவர்களில் இருப்பவை. நிலத்து ஈரம் அந்த உயரத்துக்கு ஏறாது. நம்முடையதோ தரையிலிருந்து 6 அடிதான், அதில் கீழ் 2 அடி உப்புக்குச் சொந்தம். அளவுப்படி பார்த்தால் 360 சதுர அடிக்கு, ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 50 முதல் 60 சதுர அடி வரும் என்ற கணக்கில், அடிவண்ணத்துக்கு மட்டும் ஏழு லிட்டர் போதும். பிரைமரும் ஓவியத்துக்கான வண்ணங்களும் தனி. சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால், பெயின்ட் தொடுவதற்கு முன் சிமென்ட் பூச்சைக் குறைந்தது நான்கு வாரம் ஆறவிட வேண்டும். அத்தனையும் செய்தாலும் கீழ்ப்பகுதி எத்தனை மழைக்குத் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. ஓவியர் கோடு போட்டுக் கொடுக்க, தெருக்காரர்கள் 'ஒன்றாம் எண்ணுக்குப் பச்சை, இரண்டாம் எண்ணுக்கு மஞ்சள்' என்று நிரப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் கழியும், புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். இலையைப் பார்த்தது ஓவியர் ஒருவர் மட்டுமாகத்தான் இருக்கும்.

உயிர்ச்செடியையே நட்டுவிட்டால் ஓவியம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்டவரின் எண்ணமும் நல்லது. சுவருக்கும் மழைநீர் வடிகாலுக்கும் இடையே ஒன்றரை அடி மண் இருக்கிறது. பூவரசின் போத்தை வெட்டி நட்டால் தானாக வேர்பிடிக்கும்; ஆனால் அது மரம், ஒன்றரை அடி இடத்தில் பத்தாண்டு வளர்ந்தால் சுவரையும் வடிகாலையும் தூக்கிவிடும். தாழையைச் சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் ஓடும் பள்ளி வாசலில் அத்தனை முள்ளை வைக்க முடியாது. மிஞ்சுவது அடும்பு. உப்புக்கும் வெயிலுக்கும் அஞ்சாது, வேர்பிடித்துவிட்டால் அதிகம் தண்ணீர் கேட்காது. அதற்கு வேண்டியது மணல், நம்மிடம் இருப்பது கட்டட இடிபாடு கலந்த களிமண். மேல்மண்ணை ஓரடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு ஆற்று மணலோ எம்-சாண்டோ நிரப்பினால் பிடிக்கலாம். கடற்கரை மணலை அள்ளி வருவது கூடவே கூடாது, நம் கரைக்கு இருப்பதே கொஞ்சம்தான். ஆடு, சைக்கிள், மீன்கூடை இறக்கிவைக்கும் வழக்கம் ஆகிய மூன்றையும் தாண்டிக் கொடி பிழைக்க வேண்டும். தொட்டி வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு வீட்டார் முன்வந்திருக்கிறார்கள்; அந்த அளவில் தொடங்குவதுதான் சரி. சுவர் வேலைக்கு மாற்றாக இதைக் கருத முடியாது. மாதிரிச் செடியாகத் தெருவிலேயே ஒன்று இருந்தால், வரைகிறவர்கள் பார்த்து வரைய அது உதவும்.

சாயத்துணி யோசனையைச் சொன்னவர் காலடிப்பேட்டைக்காரர், அதில் ஊர்ப்பெருமையும் கலந்திருந்தது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டைதான் நாக்கில் புரண்டு காலடிப்பேட்டையானது. அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளின் அழியாத சிவப்பு, கடலோர மணலில் விளையும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. சாயவேர் என்ற பெயரே அதற்கு வழங்கியது. உள்ளூர்ச் செடியைப் பற்றிய கலை என்றால் அந்தச் செடியிலிருந்தே வந்த நிறத்தைவிடப் பொருத்தமானது என்ன இருக்க முடியும் என்று அவர் கேட்டபோது எனக்கு மறுமொழி வரவில்லை. ஆனால் நல்ல சிவப்புக்கு வேர் இரண்டு ஆண்டாவது முதிர வேண்டும். துணியைப் பக்குவப்படுத்துவது, படிகாரம் இடுவது, காய்ச்சுவது என்று தேர்ந்தவர் ஒருவர் கூடவே நின்று கற்றுத்தர வேண்டும். அப்படி முடித்த துணியை மழையிலும் வெயிலிலும் தெருச்சுவரில் தொங்கவிடவும் மனம் வராது. பள்ளிக்குள்ளே, ஒரு கூடத்துக்கு, தனித்திட்டமாக இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இந்த ஆண்டு சுவருக்கு இது ஆகாது.

ஓலை வேலை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பனங்குருத்தோலையில் கிளி, பூ, தோரணம் முடையத் தெரிந்தவர்கள் தெருவில் மூவர் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு அதைவிட அழகு வேறில்லை. இரண்டு வாரத்தில் காய்ந்து நிறம் மாறிவிடும். திறப்பு நாளன்று வாசலில் கட்டலாம்.

டைல்ஸ் பதிப்பைப் பற்றி முதலில் எனக்கே நம்பிக்கை இல்லை. மொட்டைமாடியில் வெயில் இறங்காமலிருக்க வெள்ளைப் பீங்கான் துண்டுகளைப் பதிப்பார்களே, அந்த வேலைதானே என்று நினைத்தேன். கூட்டத்தில் பேசி முடிவுக்கு வராததால், ஓரடிக்கு ஓரடிப் பலகை ஒன்றில் சோதித்துப் பார்க்கலாம் என்று நான்கு வீட்டார் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். வீடு கட்டியபோது மிஞ்சிய பச்சை, வெள்ளை, காப்பி நிறத் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. அடப்பங்கொடி இலை ஒன்று, பூ ஒன்று என்பதுதான் திட்டம். பலகையில் சாக்கட்டியால் இலையை வரைந்து முடித்து, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, கருவாட்டுக் கூடையோடு வழக்கமாக வரும் பாட்டி வாசலில் நின்று பார்த்தார். "இன்னா கண்ணு, பூவரச இலைய வரைஞ்சி வச்சிகிறீங்க? அடப்பங்கொடின்னா நுனி ஆட்டுக் கொளம்பு மாரி பொளந்து கெடக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வைத்து, விரலால் அந்தப் பிளவைப் போட்டும் காட்டினார். அதுவரை அங்கிருந்த ஆறு பேரும் இதய வடிவத்தைத்தான் இலை என்று வரைந்துகொண்டிருந்தோம்.

பிளவைத் துண்டுகளில் கொண்டுவருவது எப்படி என்று அடுத்த ஒரு மணி நேரம் போனது. ஒரே துண்டை வெட்டிப் பிளவு செய்யப் பார்த்தால் டைல்ஸ் எங்கோ உடைந்தது. கடைசியில் நீள்வாட்டில் உடைந்த இரண்டு பச்சைத் துண்டுகளை, அடியில் நெருக்கியும் நுனியில் விலக்கியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இலை தானாக உருவானது. இரண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் வெள்ளை சிமென்ட் நிரப்பியதும் அதுவே நடு நரம்பானது. அதைக் கண்டுபிடித்தவர் தையல் வேலை செய்யும் எதிர்வீட்டு அக்கா. மகிழம்பூவுக்கும் இதே போல, மெல்லிய சிம்புகளை வட்டமாக அடுக்கி நடுத்துளையை மட்டும் வெறுமனே விட்டுவிட்டால் போதும் என்று அவரே மறுநாள் செய்து காட்டினார். செடியைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது என்பது எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. பெயின்டில் தப்பு இலையை நெளித்துச் சரிக்கட்டிவிடலாம். டைல்ஸ் துண்டு விட்டுக்கொடுக்காது.

நிறம் மங்குவதில்லை என்பது இதன் பெரிய பலம், மேற்பூச்சுள்ள பீங்கானை வெயில் ஒன்றும் செய்யாது. உப்பு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. தெருவில் இருக்கும் கொத்தனார் சுவரைக் கட்டையால் தட்டிப் பார்த்து, எங்கெல்லாம் 'டொப்' என்று உள்ளீடற்ற ஓசை வருகிறதோ அங்கெல்லாம் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும் என்றார். "அடியில ஒட்டவே ஒட்டாதீங்க சார், உப்பு தள்ளிடும்" என்பது அவருடைய திட்டவட்டமான பேச்சு. கீழ்ப்பகுதியை டைல்ஸால் மூடினால் ஈரம் வெளியேற இடமின்றி இன்னும் மேலே ஏறும் என்பதால், அவர் சொல்வது சரியே. ஆகவே தரையிலிருந்து இரண்டரை அடியில் தொடங்கி நான்கு அடியில் முடியும் ஒன்றரை அடிப் பட்டை ஒன்றுதான் பதிக்கத் தகும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கண்மட்டமும் ஏறக்குறைய அதுதான். 60 அடிக்கு 90 சதுர அடி வருகிறது. எங்கள் சோதனைப் பலகைக்கு இரண்டு பேருக்கு ஒரு முழு மாலை பிடித்தது. 15 வீடுகள் ஆளுக்கு ஆறு சதுர அடியை ஏற்றுக்கொண்டால் கணக்கு நேராகிறது. பைபர் வலைமீது துண்டுகளை வீட்டிலேயே ஒட்டி முடித்து, பிறகு கொத்தனார் அவற்றைச் சுவரில் பதிக்கலாம் என்பதால், பகலில் வீட்டைவிட்டு வர முடியாதவர்களும் பங்கெடுக்கலாம். உடைப்பது பெரியவர்கள் வேலை. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுத்தியலைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு அடுக்கும் வேலையை மட்டும் கொடுக்கலாம், விளிம்பைத் தேய்த்த பிறகு.

மீதிச் சுவருக்குத்தான் சுண்ணாம்பும் காவியும். ஆறு யோசனைகளில் மிகவும் எளியதென்று கூட்டத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை, எனக்கோ யோசிக்க யோசிக்க இதன்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. சுண்ணாம்பு சுவரின் மூச்சை அடைப்பதில்லை. ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்புப் பூத்தாலும் துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த பூச்சு அடித்துக்கொள்ளலாம். ஈரச்சுவரில்தான் அது நன்றாகப் பிடிக்கும் என்பதால் மழைக்காலம் முடிந்த கையோடு அடிக்கலாம். பெயின்டுக்கு அந்த நேரம் ஆகவே ஆகாது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அது முடிந்ததும் வருவது போகி. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற அதே வாரத்தில், அதே மட்டையால் பள்ளிச் சுவருக்கும் அடித்துவிட்டு, அதன்மேல் செங்காவியில் கோலம் இடுவது நம் வழக்கத்துக்குப் புதிதல்ல. நம் தெருவில் 16 புள்ளிச் சிக்குக்கோலத்தைத் தரை பார்த்தபடி கை எடுக்காமல் போடுகிற பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பென்சிலைக் கொடுத்து 'வரையுங்கள்' என்றால் 'எனக்கு வரைய வராது' என்று பின்வாங்குகிறார்கள். புள்ளி வைத்துக் கொடுத்தால் அடப்பங்கொடி சுவர் நெடுகப் படர்ந்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். வஜ்ஜிரப் பசை கலந்தால் குறையும், முற்றிலும் நிற்காது. சீருடையோடு பிள்ளைகள் சாயும் சுவர் என்பதால் தலைமையாசிரியர் இதை நிச்சயம் எழுப்புவார். நிறமும் வெள்ளை, காவி, மஞ்சள் காவி, கொஞ்சம் கரி, சொட்டுநீலம் என்று நின்றுவிடும். பச்சையை எதிர்பார்க்க முடியாது. பழைய எமல்ஷனை ஒரு துளி விடாமல் சுரண்ட வேண்டும், அதன்மேல் சுண்ணாம்பு நிற்காது. ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டும் என்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். நான் அதைக் குறையாக எண்ணவில்லை. முன்பு வரைந்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வராததால்தானே டால்பினின் வால் மட்டும் அங்கே நிற்கிறது.

ஆக, என் பரிந்துரை இரண்டையும் சேர்த்துத்தான் வருகிறது. நடுவே ஒன்றரை அடி டைல்ஸ் பட்டை, அதற்கு மேலும் கீழும் சுண்ணாம்பு. பட்டையில் ஆறு செடிகளும் நிலையாக இருக்கும், மேலே காவிக்கொடி ஆண்டுக்கு ஆண்டு மாறும். செலவைப் பொறுத்தவரை சுரண்டிப் பூசும் கூலிதான் பெரிது, அது எல்லா யோசனைகளுக்கும் பொது. டைல்ஸ் துண்டுகளை வாங்கத் தேவையே இராது. கடைகளில் உடைந்தவற்றைக் கேட்டால் தருகிறார்கள். வெள்ளை சிமென்ட், வலை, பசை, சுண்ணாம்பு, காவி ஆகியவற்றுக்குச் சேரும் தொகை ஓவியரை அழைத்துச் செய்யும் பெயின்ட் வேலையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது கொத்தனாரிடமும் கடையிலும் விசாரித்ததில் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டம் இன்னும் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் புகுந்தபோது, கண்டல் மரங்களில் நீர் ஏறிய மட்டம் வரை கரி பூசியதுபோல ஆனதைப் பார்த்தவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். நாள்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் இருந்தவர்களும் இருக்கிறார்கள். பட்டையின் கடைசிப் பத்தடியில் வெண்கண்டலின் சுவாச வேர்களைச் சாம்பல் நிறச் சிம்புகளால் அடுக்கும்போது, அவற்றின்மேல் ஒரே மட்டத்தில் கறுப்பு டைல்ஸ் வரி ஒன்று ஓட வேண்டும் என்கிறார்கள் அவர்கள். பள்ளிச் சுவரில் அத்தகைய கறுப்பு எதற்கு, பிள்ளைகள் பார்க்கிற இடம் அழகாக மட்டும் இருக்கட்டும் என்பது மறுதரப்பு. நான் கறுப்பு வரியின் பக்கம். அந்தச் செடி இன்று எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அதைப் பார்த்து வைக்க வேண்டும். ஆட்டுக் குளம்புப் பிளவுக்கு ஒரு மாலை முழுவதும் பாடுபட்டுவிட்டு, இதை மட்டும் விட்டுவிடுவது ஒட்டவில்லை. ஆயினும் இது வாக்கெடுப்பில் முடிவாக வேண்டியது.

காலக்கணக்கு இவ்வாறு அமையும். சுவரின் உரிமையாளர் பள்ளி என்பதால் எழுத்துமூலம் அனுமதி முதலில் வேண்டும். மாநகராட்சியின் முதலாம் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் பழைய பெயின்டைச் சுரண்டி, டொப்பென்று ஒலிக்கும் பூச்சைக் கொத்திவிட வேண்டும்; வெற்றுச்சுவரில் மழை பெய்தால் உப்பு கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். மழை மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து வலையில் துண்டுகளை ஒட்டலாம். போகிக்கு முதல் சுண்ணாம்பு. அப்போது பட்டைக்கான ஒன்றரை அடியை மட்டும் வெறும் சுவராக விட்டுவிட வேண்டும். மாசி, பங்குனியில் அந்த இடத்தைப் பூசி, ஈரம் காக்க வைத்து, டைல்ஸ் பதிப்பு. சித்திரை வெயிலில் சிமென்ட் வேலை வைத்தால் ஈரம் நிற்காமல் வெடிக்கும் என்கிறார் கொத்தனார்.

சோதனைப் பலகை எங்கள் வராந்தாவில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். கறுப்பு வரியை வைத்தும் எடுத்தும் பார்க்கும்படி ஒரு வரிசைக் கறுப்புத் துண்டுகளை ஒட்டாமல் தனியே வைத்திருக்கிறேன். கருவாட்டுப் பாட்டியையும் அழைத்திருக்கிறோம். புன்னை இலையின் நரம்புகளை நாங்கள் அடுக்கியிருப்பது சரியா என்று அவரிடம் கேட்க வேண்டும்.